வி-நாட்ச் தாம்சனின் சொந்தத் தாள்கள்: அதில் எதைத் தேடுவது?

ஹூக்கேஜ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஹைட்ராலிக்ஸ் லேப் எடுக்கிறவன். வருஷா வருஷம் வி-நாட்ச் (தண்ணி ஓட்டத்தை அளக்கத் தடுப்புப் பலகையில V மாதிரி வெட்டின வாய்) பரிசோதனை வரும். பசங்க தண்ணியத் திறந்துவிட்டு, ஹூக் கேஜ்ல உயரம் எடுத்து, ஃபார்முலால போட்டு, குணகம் (நிஜ ஓட்டத்துக்கும் கணக்குப்படி வர்ற ஓட்டத்துக்கும் உள்ள விகிதம்) 0.6 பக்கத்துல வந்துட்டா ரெக்கார்டை மூடிடுவாங்க. இந்தத் தடவை ஒரு பொண்ணு கேட்டுச்சு: "சார், செவ்வகமா வெட்டுறதுதானே சுலபம்? முக்கோணமா வெட்டணும்னு யாருக்கு முதல்ல தோணுச்சு, ஏன் தோணுச்சு?" மேனுவல்ல "தாம்சன் நாட்ச்"னு ஒரு வரி இருக்கு. அவ்வளவுதான்.

தேடிப் பார்த்ததுல ஆள் ஜேம்ஸ் தாம்சன். 1822ல பெல்ஃபாஸ்ட்ல பிறந்தவர். கெல்வின் பிரபுவோட கூடப்பிறந்த அண்ணன். 1857ல பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் காலேஜ்ல சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர் ஆகி, 1873ல கிளாஸ்கோவுக்குப் போய் ராங்கின் இருந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கார். இவரோட நோட்டு, கடிதம், குறிப்பெல்லாம் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக நூலகத்துல பத்திரமா இருக்குன்னு தெரிஞ்சுது.

பசங்களுக்காகத் தமிழ்ல ஒரு கட்டுரை எழுதலாம்னு இருக்கேன். எங்க சீனியர் ஒருத்தர் "மூலத்தைப் பார்க்காம எழுதாதே"ங்கறார். அந்தத் தாள்களை நான் பார்த்தே ஆகணுமா? அச்சுல வந்ததே போதாதா? பார்க்கணும்னா எதைக் கேட்டு எழுதறது? ஆவணக் காப்பகத்தோட எனக்குப் பழக்கமே இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

மீட்டர்பாக்ஸ் எழுதியது:

எலக்ட்ரான் கண்டுபிடிச்ச தாம்சன்தானே? அவர் கேம்பிரிட்ஜ் ஆச்சே, தாள்களும் அங்கதான இருக்கும்?

---

ஓலைப்பெட்டி எழுதியது:

மீட்டர்பாக்ஸ், அது ஜே.ஜே. தாம்சன், மான்செஸ்டர்காரர். இவங்க குடும்பமே வேற. பேரை மட்டும் வச்சு கேட்லாக்கில் தேடினால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். அதிலும் இந்த ஜேம்ஸ் தாம்சனின் அப்பா பேரும் ஜேம்ஸ் தாம்சன், மகன் பேரும் ஜேம்ஸ் தாம்சன். அப்பா கணிதப் பேராசிரியர். மகன்தான் பின்னாளில் இவருடைய கட்டுரைகளைத் தொகுத்ததில் ஒருவர். அதனால் ஹூக்கேஜ், எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் தேதியைப் பாருங்கள், பேரை அப்புறம் பார்க்கலாம்.

நான் ஒரு நூலகத்தில் பழைய தனியார் தாள்களைப் பட்டியல் போடுகிற வேலையில் இருக்கிறேன். இன்ஜினியர்களின் பெட்டிகளும் வரும். உங்கள் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: முக்கோணம் ஏன் என்பதற்கு நீங்கள் பெல்ஃபாஸ்ட் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். அவரே அச்சில் சொல்லிவிட்டார். பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற அறிவியல் சங்கம் 1858ல் லீட்ஸிலும் 1861ல் மான்செஸ்டரிலும் கூடியபோது அவர் கொடுத்த அறிக்கைகளில் இருக்கிறது. காரணம் அழகானது, உங்கள் மாணவிக்கு அப்படியே சொல்லலாம்.

செவ்வக நாட்சில் தண்ணீர் இறங்கினால் உயரம் குறையும், அகலம் அப்படியே நிற்கும். அதாவது நீர் பாய்கிற முகத்தின் வடிவமே மாறிக்கொண்டு போகும். நிறைய ஓடும்போது கிட்டத்தட்ட சதுரம், கொஞ்சமாக ஓடும்போது ஒரு பட்டை. இரண்டு ஓரத்திலும் நீர் ஒடுங்குகிற அளவு ஒவ்வொரு மட்டத்துக்கும் வேறு வேறு விகிதத்தில் வரும். ஒரே குணகத்தை வைத்துக்கொண்டு எல்லா மட்டத்துக்கும் கணக்குப் போட முடியாது. முக்கோணத்தில் அந்தத் தொல்லை இல்லை. மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் நீரின் முகம் பெரிய முக்கோணம், சின்ன முக்கோணம், அவ்வளவுதான். வடிவம் ஒன்றே. வடிவம் ஒன்று என்றால் குணகமும் ஒன்று என்று அவர் வாதம் போகிறது. பரப்பு உயரத்தின் வர்க்கமாக ஏறும், வேகம் உயரத்தின் வர்க்கமூலமாக ஏறும், இரண்டையும் பெருக்கினால் உயரத்தின் இரண்டரை அடுக்கு. செங்கோண நாட்சுக்கு அவர் 1861ல் கொடுத்த எண் 0.305. உயரம் அங்குலத்தில், நீர் நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று வரும். மீட்டருக்கும் விநாடிக்கும் மாற்றினால் ஏறக்குறைய 1.4 வரும். உங்கள் மேனுவலில் இருப்பதும் அதுவாகத்தான் இருக்கும். மாற்றிக் காட்டச் சொல்லுங்கள், பசங்களுக்கு அது ஒரு நல்ல கணக்கு.

சின்ன ஓடை அளவு முதல் பெரு ஓட்டம் வரை ஒரே நாட்சில் அளக்க வேண்டும் என்ற தேவை அவருக்குக் கையருகே இருந்த தேவை. பேராசிரியர் ஆவதற்கு முன்னாலேயே, 1853ல், பெல்ஃபாஸ்ட் குடிநீர் ஆணையர்களுக்கு இன்ஜினியராகப் போனவர். 1850லேயே வோர்டெக்ஸ் டர்பைன் என்ற நீர்ச்சுழலிக்குப் பேடன்ட் வாங்கியவர். தண்ணீரை அளந்து காசு கேட்கிற இடத்தில் நின்றவர்.

இதெல்லாம் 1912ல் கேம்பிரிட்ஜில் அச்சான தொகுப்பில் கிடைக்கும். ஜோசப் லார்மரும் மகன் ஜேம்ஸும் சேர்ந்து கொண்டுவந்தது. இணையத்தில் ஸ்கேன் இருக்கிறது. முதலில் அதை முழுக்கப் படியுங்கள். அதன் தலைப்புப் பக்கத்திலேயே "தேர்ந்தெடுத்தது" என்றும், அச்சாகாத சிலவற்றைச் சேர்த்தது என்றும் போட்டிருப்பார்கள். தேர்ந்தெடுத்தது என்றால் விட்டதும் உண்டு. பெட்டியின் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

---

ஹூக்கேஜ் எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. வடிவம் ஒன்றுனா குணகம் ஒன்றுங்கறதை இத்தனை வருஷமா நானே இப்படி யோசிச்சது கிடையாது. அப்ப ஒரு சந்தேகம். ஃபார்முலா அச்சுல இருக்கு, காரணமும் அச்சுல இருக்கு. மிச்சம் பெட்டியில என்னதான் இருக்கும்? கிறுக்கல் நோட்டைப் பார்த்து என்ன கிடைக்கப்போகுது?

---

ஓலைப்பெட்டி எழுதியது:

வரிசை கிடைக்கும். யாருக்கு எது எப்போது தெரிந்தது, யார் யாரைக் கேட்டார்கள், எது எத்தனை காலம் மேசை இழுப்பறையில் கிடந்தது. அச்சான கட்டுரையில் இது எதுவும் நிற்காது. கட்டுரை எழுதுகிறவர் கடைசியில் தெரிந்துகொண்டதை முதலிலிருந்தே தெரிந்தவர் மாதிரி எழுதுவார். குற்றமில்லை, எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறோம்.

இவர் விஷயத்திலேயே பாருங்கள். வெப்ப எஞ்சினின் கோட்பாடு என்றால் எல்லாரும் தம்பி வில்லியத்தைத்தான் (பின்னாளில் கெல்வின் பிரபு) சொல்வார்கள். ஆனால் 1844 ஆகஸ்டில் அண்ணன்தான் தம்பிக்குக் கடிதம் எழுதிக் கேட்கிறார்: வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்குவதால் வேலை கிடைக்கிறது என்று விளக்கியவர் யார், உனக்குத் தெரியுமா என்று. அப்போது ஜேம்ஸுக்கு 22 வயது, பட்டறைப் பயிற்சியில் இருந்தவர். வில்லியம் அதற்கு அடுத்த வருடம் பாரிஸில் இதை விளக்கிய பிரெஞ்சு இன்ஜினியர் கார்னோவின் 1824ஆம் வருடத்துப் புத்தகத்தைக் கடைகடையாகத் தேடி, கிடைக்காமல், அதைப் பற்றிக் கிளாப்பேரான் எழுதிய 1834 கட்டுரையை வைத்து ஒப்பேற்றினார். மூலப் புத்தகம் 1848ல்தான் கைக்கு வந்தது. கொடுத்தவர் லூயிஸ் கார்டன், 1840ல் கிளாஸ்கோவில் ஆரம்பித்த சிவில் இன்ஜினியரிங் பீடத்தின் முதல் பேராசிரியர். பாருங்கள், இயற்பியல் வரலாற்றின் ஒரு பெரிய அத்தியாயத்தில் இரண்டு இன்ஜினியர்கள் இரண்டு கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். கட்டுரைகளை மட்டும் படித்தால் கதவு தெரியாது, கடிதத்தில்தான் தெரியும்.

அதன் பலனும் அண்ணனுக்கே திரும்பி வந்தது. 1849ல் கார்னோவின் வாதத்தைப் பனிக்கட்டிக்குப் பொருத்தி, அழுத்தம் கூடினால் உறைநிலை இறங்கும், ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு 0.0075 செல்சியஸ் டிகிரி என்று கணக்கிலேயே சொல்லிவிட்டார். அடுத்த வருடம் தம்பி சோதனை செய்து சரி என்று காட்டினார்.

இன்னொன்று, எனக்குப் பிடித்தது. சுழலும் ஒரு தட்டு, அதன்மேல் உருளும் ஒரு கோளம், பக்கத்தில் ஒரு உருளை. தட்டின் மையத்திலிருந்து கோளம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்த வேகத்தில் உருளை சுற்றும். கோளத்தை ஒரு வளைகோட்டின்படி நகர்த்திக்கொண்டே போனால், உருளை மொத்தம் எத்தனை சுற்றியது என்பதே அந்த வளைகோட்டின் தொகையீடு. இது ஜேம்ஸுக்கு 1861க்கும் 1864க்கும் இடையில், மேக்ஸ்வெல்லின் பிளானிமீட்டரை (வரைந்த உருவத்தின் பரப்பை அளக்கும் கருவி) பற்றி யோசித்தபோது தோன்றியது. தோன்றி, கிடந்தது. பெரிதாகப் பயன் எதுவும் தெரியவில்லை. 1876ல் தம்பி கடல் ஏற்றவற்றப் பதிவுகளைப் பிரித்துக் கணக்கிட ஒரு எந்திரம் தேடிக்கொண்டிருந்தபோது அண்ணன் இதைச் சொல்ல, உடனே இரண்டு பேர் கட்டுரைகளும் ராயல் சொசைட்டிக்குப் போயின. பின்னாளில் 1930களில் வந்த டிஃபரன்ஷியல் அனலைசர் என்ற கணக்கு எந்திரங்களுக்கு அடித்தளம் இந்த யோசனைதான். ஒரு டஜன் வருடம் கிடந்த யோசனை! கட்டுரையில் அதற்கு அரை வாக்கியம். இந்த மாதிரி "கிடந்த" காலத்தைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்றால் நோட்டுப்புத்தகத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

பேராசிரியர்களின் பெட்டியில் ஜனங்கள் கண்டுகொள்ளாத ஒரு சரக்கு வினாத்தாள். பட்டியல் போடும்போது "தேர்வுத்தாள்கள், ஒரு கட்டு" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். கோணத்தை அளக்கும் அலகுக்கு ரேடியன் என்ற பெயர் அச்சில் முதலில் வந்ததாகக் காட்டப்படும் இடம் 1873 ஜூன் 5 அன்று பெல்ஃபாஸ்டில் தாம்சன் வைத்த தேர்வின் வினாத்தாள்தான். கணித ஆசிரியர் தாமஸ் மியூரும் தனியாக அதே சமயத்தில் அதை யோசித்துக்கொண்டிருந்தார். யார் முதலில் என்பதைப் பற்றி 1910ல் நேச்சர் இதழில் கடிதம்மேல் கடிதம் வந்தது. அந்த வழக்கைத் தீர்க்க உதவியது ஆய்வுக் கட்டுரையோ பாடப்புத்தகமோ இல்லை, தேதி போட்ட வினாத்தாள். நீங்களும் லேப் எடுப்பவர், வினாத்தாளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. (சொன்னாலும் கேட்கவா போகிறீர்கள்.)

---

வாய்க்கால்_கரை எழுதியது:

நல்ல இழை. ஆத்து வேலையிலேயே காலம் கழிச்சு ரிட்டையர் ஆனவன் நான், ஒண்ணு சேர்த்துக்கறேன். தம்பி, நாட்சோட நிறுத்திடாதீங்க. ஆறு ஏன் வளைஞ்சு வளைஞ்சு போகுதுன்னு 1876ல இதே ஆள்தான் எழுதியிருக்கார். வளைவுல வெளிக்கரையில தண்ணி மட்டம் கொஞ்சம் தூக்கி நிக்கும். மேல ஓடற தண்ணிக்கு வேகம் ஜாஸ்தி, அது வெளிக்கரைக்குத் தள்ளப்படும். அடியில மண்ணோட உரசி வேகம் இழந்த தண்ணியை அந்த மட்ட வித்தியாசம் உள்கரைப் பக்கம் தள்ளும். அது மணலையும் கூட்டிக்கிட்டுப் போகும். வெளிக்கரை அரிச்சுக்கிட்டே போகும், உள்கரையில மணல் மேடு ஏறிக்கிட்டே போகும். எங்க காலத்துல மதகு வாயை வளைவோட வெளிப்பக்கம் வைக்கச் சொல்வாங்க, மணல் கம்மியா வரும்னு. அதுக்கு காரணம் இதுதான்னு ரொம்ப லேட்டாத்தான் எனக்குப் புத்தகத்துல கிடைச்சது.

அதையும் சின்ன மாடல் செஞ்சு, தண்ணி விட்டுக் காட்டியிருக்கார் மனுஷன். அந்த மாடல் குறிப்பு ஏதாவது இருந்தா பசங்களுக்குப் போட்டுக் காட்டுங்க. லேப் தொட்டியிலயே செய்யலாம். அரிப்பு வர அளவுக்கு வேணாம், நாலு வண்ணப் பொடி போட்டாலே அடி ஓட்டம் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சிடும்.

---

ஹூக்கேஜ் எழுதியது:

ஐயா, மாடல் யோசனை அருமை, கண்டிப்பா செய்யறேன். அக்கா, இப்ப எனக்கு ஆசை வந்துடுச்சு. நேர்ல போக வழியில்ல. மெயில் எழுதி, "நாட்ச் பரிசோதனை சம்பந்தமா ஜேம்ஸ் தாம்சன் தாள்கள்ல இருக்கிற எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்ப முடியுமா"ன்னு கேட்கலாமா? 1844 கடிதமும் அங்கேயே இருக்குமா?

---

ஓலைப்பெட்டி எழுதியது:

"எல்லாத்தையும்" என்று எழுதினால் மரியாதையான ஒரு பதில் வரும், தாள் வராது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள் என்கிற முறையில் சொல்கிறேன்.

கடிதம் எங்கே என்பதைப் பற்றி ஒரு பொது விதி: ஒருவர் எழுதிய கடிதம் அவருடைய பெட்டியில் இருக்காது, வாங்கியவர் பெட்டியில் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்கிற இடம் இது. தாம்சன் தம்பிக்கு எழுதியதைத் தேட வேண்டுமானால் கெல்வின் தாள்களைப் பாருங்கள். அவை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலுமாகப் பிரிந்து இருக்கின்றன. பெல்ஃபாஸ்டில் அவருக்கு வந்தவையும் அவருடைய நோட்டுகளும் இருக்க வேண்டும். சில பேர் அனுப்புவதற்கு முன் நகல் எழுதி வைப்பார்கள், அல்லது ஈரத்தாள் வைத்து அழுத்தி நகல் எடுப்பார்கள், அது இருந்தால் அதிர்ஷ்டம். அந்த மாதிரி நகல் மெல்லிசுத் தாளில் இருக்கும், எழுத்து பின்பக்கம் வழியாகப் படிக்கிற மாதிரி. ஸ்கேனில் மங்கலாகத்தான் தெரியும், காப்பகத்தைக் குறை சொல்லாதீர்கள்.

கையெழுத்தையும் கவனியுங்கள். 1889ல் பார்வை மங்கியதால் அவர் கிளாஸ்கோ பதவியை விட்டார். 1892ல் காலமானார். அதே வாரத்தில் மனைவியும் ஒரு மகளும் போய்விட்டார்கள். கண் தெரியாத பேராசிரியரின் கடைசி வருடத் தாள் என்றால், எழுதியது யார் கை, சொன்னது யார் வாய் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பெட்டியைக் கட்டி வைத்தது யார் என்பதும் முக்கியம். குடும்பத்தார் அடுக்கிய வரிசை, தொகுப்பாசிரியர் எடுத்துப் போட்ட வரிசை, நூலகம் எண் போட்ட வரிசை, இந்த மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். ஒரு தாள் எந்தத் தாளுக்கு அடுத்து இருந்தது என்பதே சில சமயம் அதன் தேதி. அதனால்தான் நாங்கள் "சார், கட்டைக் கலைக்காதீங்க" என்று கெஞ்சுகிறோம்.

அலகு ஒரு தலைவலி. அங்குலம், நிமிடத்துக்குக் கன அடி, ஃபாரன்ஹீட் எல்லாம் கலந்து வரும், சில இடத்தில் அலகே எழுதியிருக்க மாட்டார்கள். அவருடைய சொந்த நோட்டு, அவருக்குத் தெரியும். ஒரு எண்ணை அச்சான 1861 அறிக்கையோடு பொருத்திப் பாருங்கள். பொருந்தினால் அந்தப் பக்கத்தின் மற்ற எண்களின் அலகும் பிடிபடும்.

கடைசியாக, நீங்கள் எதிர்பார்க்காத விஷயம். அவர் செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, கடிதத்தை அப்படியே பிளாக்கில் போடலாம் என்று நினைக்காதீர்கள். பிரிட்டன் சட்டப்படி, அச்சேறாமலே இருந்த பழைய எழுத்துகளுக்குக் காப்புரிமை 2039 முடியும் வரை ஓடுகிறது. ஆள் எந்தக் காலத்தில் இறந்தாலும் சரி. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் சட்டம். 1912 தொகுப்பில் அச்சாகிவிட்ட கடிதத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. படத்தை வெளியிட வேண்டுமென்றால் தனியாக அனுமதி கேளுங்கள். படித்துவிட்டு உங்கள் சொந்த வார்த்தையில் எழுத யாரும் தடுக்கப்போவதில்லை.

மெயிலை ஒரு தடவை இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.

---

ஹூக்கேஜ் எழுதியது:

போட்டுட்டேன் அக்கா, தமிழ்லயே எழுதறேன், அப்புறம் இங்கிலீஷ்ல மாத்திக்கறேன்:

"வணக்கம். நான் ஹைட்ராலிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். பேராசிரியர் ஜேம்ஸ் தாம்சனின் மகத்தான வாழ்க்கையையும் பணியையும் பற்றி ஆய்வு செய்கிறேன். உங்களிடம் உள்ள அவருடைய அரிய தாள்களில் முக்கோண நாட்ச் தொடர்பானவற்றை அனுப்பி உதவ வேண்டும்."

---

ஓலைப்பெட்டி எழுதியது:

"மகத்தான", "அரிய" இரண்டையும் அடித்துவிடுங்கள். அவர்களுக்குத் தெரியும். இப்படி எழுதுங்கள்:

"ஜேம்ஸ் தாம்சனின் முக்கோண நாட்ச் அறிக்கைகளை 1858, 1861 பிரிட்டிஷ் அசோசியேஷன் தொகுதிகளிலும் 1912 தொகுப்பிலும் படித்துவிட்டேன். அந்த இரண்டு அறிக்கைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் எடுத்த அளவீடுகளின் மூலப் பதிவு உங்கள் தொகுப்பில் இருக்கிறதா என்று அறிய விரும்புகிறேன். 1858 முதல் 1861 வரை தேதியிட்ட நோட்டுப்புத்தகங்கள் எவை என்று பட்டியல் எண்ணோடு தெரிவித்தால் போதும். அதில் தேவையான பக்கங்களுக்குப் பிறகு தனியாக விண்ணப்பிக்கிறேன். நகல் கட்டணத்தையும் தெரிவிக்கவும். பயன்பாடு: வகுப்பறை, வணிக நோக்கம் இல்லை."

படித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன் உண்மையிலேயே படித்துவிடுங்கள்.

---

வாய்க்கால்_கரை எழுதியது:

தம்பி, பதில் வந்ததும் இங்க போடுங்க. அதுல மாடல் ஆறு பத்தின நோட்டு எந்த எண்ணுன்னும் ஒரு வார்த்தை கேட்டு வைங்க, தனி மெயிலா.

---

ஓலைப்பெட்டி எழுதியது:

ஆமாம், தனி மெயில். ஒரு மெயிலுக்கு ஒரு கேள்வி.